புதன்கிழமை நாலரை மணி

சுருக்கெழுத்தரின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு இறந்துபோனாள். வயது இருபத்து மூன்று. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஞாயிறு மதியம்வரை பேசிக்கொண்டுதான் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. "அந்த டீச்சரம்மா திங்கக்கிழமை கண்ணாடி வாங்க வருவாங்கப்பா. இடது பக்க லென்ஸ் இன்னும் மாட்டலன்னு கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க," என்றாள். அவர் வெளியே போய் போன் பேசிவிட்டு வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

அவளைப் பிறந்ததிலிருந்து பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஒரே பிள்ளை.

சுருக்கெழுத்தர் முப்பத்தோரு வருஷமாக நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை எழுதி எடுப்பவர். கூண்டில் நிற்பவர் அழுதாலும், உளறினாலும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு பொய் சொன்னாலும் அவருடைய பென்சில் ஒரே வேகத்தில் போகும். எவன் பொய் சொல்கிறான் என்று இவருக்குத்தான் முதலில் தெரியும் என்று வக்கீல்கள் கேலி பண்ணுவார்கள். "எனக்குக் காது மட்டும்தான் சார் சம்பளம் வாங்குது, வாய்க்கு ஒண்ணும் கிடையாது," என்பார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்கும். ஆராதனை முடிந்ததும், சபையின் பின்னறையில், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அவர் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பை முடித்தால்தான் பிள்ளைகள் சபையின் முழு அங்கத்தினராக முடியும். பத்தொன்பது வருஷத்தில் பத்தொன்பது தொகுதிப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் அவர் சாட்சி அண்ணன். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நம்புவதற்கு என்ன காரணம் என்ற பாடம் வரும்போது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"கல்லறை காலியா இருந்துச்சுன்னு நாம மட்டும் சொல்லல. எதிராளியும் அதைத்தான் சொல்றான். உடம்பை யாரோ திருடிட்டாங்கன்னு சொல்றான்னா, உடம்பு அங்க இல்லைன்னு ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்? எதிராளி ஒத்துக்கிட்டதுக்குக் கோர்ட்ல சாட்சியே வேண்டாம்."

பிறகு, அந்தக் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்பார். பெண் பேச்சு எடுபடாத காலம் அது. கதை கட்டுகிறவன் அப்படிப்பட்ட சாட்சியையா தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவான்? நடந்ததனால்தான் வேறு வழியில்லாமல் அப்படி எழுதியிருக்கிறார்கள். இயேசுவின் கதையை எழுதிய நாலு பேரும் சின்னச் சின்ன விஷயங்களில் முன்னுக்குப்பின் மாறிச் சொல்வதுதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "நாலு சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொன்னா நான் பென்சிலை வெச்சிடுவேன். யாரோ உக்காத்தி வெச்சுச் சொல்லிக் கொடுத்திருக்காங்க." உயிருக்குப் பயந்து ஓடிப்போனவர்கள் ஏழே வாரத்தில் அதே ஊர்த் தெருவுக்கு வந்து நின்றார்கள், அடித்தும் கொன்றும்கூடப் பேச்சை மாற்றவில்லை என்பார். கடைசியில், இயேசு உயிரோடு இருந்தபோது அவரை நம்பாத சொந்தத் தம்பியையும், சபையை வேட்டையாடித் திரிந்து பிறகு அதே சபைக்காக உயிரை விட்ட ஒருவனையும் கொண்டுவந்து நிறுத்துவார்.

"பிறழ்சாட்சின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். எல்லாரும் நம்ம பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போனவங்கதான். இவங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வந்திருக்காங்க. ஏன்னு யோசிங்க."

அவர் மனைவி சீருடை தைக்கும் ஆலையில் மேற்பார்வையாளர். நாற்பது பெண்கள் அவளுக்குக் கீழே. குரலை உயர்த்தாமல், கோணிய தையலைப் பிரித்து மறுபடி போடச் சொல்லுகிறவள். "உப்பு வாங்கிட்டு வாங்கன்னா மறந்துடுவார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி யார் யார் எங்க நின்னாங்கன்னு மட்டும் விரல் நுனியில வெச்சிருப்பார்," என்று சபைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தன்று பின்னறைக் கதவுப் பக்கம் வந்து நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் குளிர்பெட்டியில் வைத்தார்கள். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளித்தான் பெட்டிக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை அவர் மனைவியிடம் வந்து, "சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடலாம்னு போதகர் சொல்றார்," என்றார்.

"மூணு நாள் இருக்கட்டும்."

"யாராவது வரணுமா?"

"பாப்பா வரணும்."

அவர் புரியாமல் நின்றார். மனைவி அழவில்லை. முகம் கழுவி, தலை வாரி, ஆலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் அவள் பெரியக்கா. வேறொரு ஜெப வீட்டுக்குப் போகிறவள். அங்கே நோய்கள் குணமாவதும், ஊமை பேசுவதும் வாரந்தோறும் நடக்கும் என்பாள். அவள்தான் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். பெரியக்காவை முறைத்தார்.

"அவளைப் பாக்காதீங்க," என்றாள் மனைவி. "நீங்க சொன்னதுதான். பத்தொன்பது வருஷமாச் சொல்றீங்களே, அதெல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான்."

"கல்லறை காலியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப ஒரு தடவை நடந்திருக்கு. ஒரு தடவை நடந்தது இன்னொரு தடவை நடக்காதுன்னு சொல்ல உங்ககிட்ட என்ன சாட்சி இருக்கு?"

அவருக்குப் பதில் தெரியும். கடைசி நாளில் எல்லாரும் எழுவார்கள், இயேசு எழுந்தது அதற்கு முன்னடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். அதை இப்போதும் சொன்னார். சொல்லும்போதே, யாரோ எழுதிவைத்த குறிப்பை வாசித்துக் காட்டுவதுபோல அவர் காதுக்கே கேட்டது.

"கடைசி நாள் எப்ப?" என்றாள் மனைவி.

பத்து மணிக்கு வந்த போதகரிடமும் அவள் அதையேதான் கேட்டாள். போதகர் அவரைவிடச் சின்னவர், நல்லவர். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, "ஒரு நாள் தள்ளிப் போடலாம் அண்ணே. அவங்க மனசு ஆறட்டும்," என்றார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்வரைக்கும்," என்றார் சுருக்கெழுத்தர். இயேசு வெள்ளிக்கிழமை இறந்து ஞாயிற்றுக்கிழமை எழுந்ததை மூன்றாம் நாள் என்பதற்குக் காரணம், அந்தக் காலத்தில் முதல் நாளையும் சேர்த்து எண்ணுவார்கள் என்று வகுப்பில் விளக்கியவர் அவர்தான். அந்தக் கணக்குப்படி ஞாயிறு, திங்கள், செவ்வாய். மனைவி ஒத்துக்கொண்டாள். பெரியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் என்றால் மூன்று முழு நாள், மணி பார்த்து எண்ண வேண்டும், புதன்கிழமை நாலரை என்றாள். செத்த வீட்டில், பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவரும் பெரியக்காவும் விரல் விட்டு எண்ணினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார்.

மதியம் மனைவி குளிர்பெட்டியை அணைக்கச் சொன்னாள். "எழுந்தா குளிருமே. அவளுக்கு ஃபேன் காத்தே ஆகாது."

பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவர் வயதானவர். எத்தனையோ வீடுகளைப் பார்த்தவர். மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, இந்த வெக்கைல ரெண்டு மணி நேரம் தாங்காதும்மா. அப்புறம் நீங்களே கிட்ட நிக்க மாட்டீங்க."

அவள் யோசித்தாள். உள்ளே போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, பாப்பாவின் கழுத்துவரை போர்த்தி, ஓரத்தை உள்ளே செருகினாள். மூடியபோது கண்ணாடிக்குள் தூங்குகிற பிள்ளை மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சுருக்கெழுத்தர் முதல் தடவையாக உடைந்து அழுதார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைந்துவிட்டது. வந்தவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். மனைவி இரண்டு நாள் தூங்காதவள், உள்ளறையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். மதியம் இரண்டு மணி இருக்கும். கூடத்தில் அவரும் பெட்டியும் மட்டும். பெட்டியின் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நின்றபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். பாப்பாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மூச்சு விட்டால் படிகிற மாதிரி, உள்ளங்கை அகலம்.

அவர் எழுந்தார். முழங்கால் மேசையில் இடித்தது தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, அதற்குள் கண்ணாடியை விரலால் துடைத்தார். ஈரம் விரலில் ஒட்டியது. ஆவி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே குளிர், வெளியே வெக்கை, அதனால் படிந்தது. தண்ணீர்ச் சொம்பில் படிகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கால்மாட்டிலும் படிந்தது.

மறுபடி போய் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது ஒன்று தெரிந்துவிட்டது, அது இறப்பைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி வலித்தது. அந்த ஒரு நொடியில் அவர் அடைந்தது சந்தோஷம் இல்லை. திகைப்பு. நடக்கவே நடக்காத ஒன்று நடந்துவிட்டதே என்ற திகைப்பு. பத்தொன்பது வருஷமாக அவர் வாதாடி ஜெயித்த வழக்கு அது. அதன் தீர்ப்பு தன் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரும் என்று அவர் ஒரு நாளும் எதிர்பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்தபடி தூங்குகிறவள்தான் எதிர்பார்த்தாள்.

சாயங்காலம் நாலரை ஆனது. ஐந்தரை ஆனது. வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கிப் போனது. "பொழுது இன்னும் சாயல," என்றாள் மனைவி. சாய்ந்த பிறகு, "புதன்கிழமை நாலரை," என்றாள்.

புதன்கிழமை காலை நகராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். தெருவில் யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி நின்று, "உங்க சம்மதத்தோட நடக்கட்டும் சார். நான் வந்து எடுத்தேன்னு இருக்க வேண்டாம்," என்றார். உடனே அடக்கம் செய்யச் சம்மதிக்கும் காகிதத்தை நீட்டினார். சுருக்கெழுத்தர் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் வாசிக்காமல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களே நம்பலைல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு துணியைத் தடவிப் பார்த்து இது பருத்தி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு அடக்கம் முடிந்தது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார். மனைவி போர்வையை எடுக்கவிடவில்லை, அதோடே புதைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது யாரோ கூடத்தைக் கழுவி, மேசையை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று மணி வாக்கில், படுத்திருந்த மனைவி எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலரைக்கு நீங்க அங்க இருக்கணும்."

"எங்க?"

"பெரியக்கா கணக்கு இன்னும் பாக்கி இருக்கு. யாராவது ஒருத்தர் அங்க நிக்கணும். அது மூடிக் கெடக்குது. உள்ளேர்ந்து கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?"

"வேண்டாம்மா. மனசைப் போட்டு இப்படி அலட்டிக்காத. நான் உன்கூட இருக்கேன்."

"நான் போக மாட்டேன்," என்றாள். "நான் போனா எதைப் பாத்தாலும் அவதான்னு சொல்லிடுவேன். மண்ணு சரிஞ்சாக்கூட அவதான்னு சொல்லிடுவேன். என் பேச்சை நானே நம்ப மாட்டேன். நீங்க போங்க. நீங்க இருந்ததை இருந்தபடி வந்து சொல்லுவீங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நடந்தே போனார். வழியில் அடகுக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து துக்கம் விசாரித்தார், அவருக்கும் இரண்டு வார்த்தை பதில் சொன்னார். கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவைத் தள்ளியபோது மணி நாலே கால்.

குழி தோண்டுகிறவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தவர்தான். "என்ன சார், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் நிக்கணும்."

"நில்லுங்க, நில்லுங்க. வெயிலா இருக்கு, அந்தப் பக்கம் மரத்தடில நில்லுங்களேன்."

அவர் மரத்தடிக்குப் போகவில்லை. மண்மேட்டின் தலைமாட்டில், ஒரு முழம் தள்ளி நின்றார். காலையில் ஈரமாக இருந்த மண் மேலே காய்ந்து வெளுத்திருந்தது. போட்ட பூக்கள் சுருண்டுவிட்டன. சாட்சி சொல்லப் போகிறவர் எதையெல்லாம் கவனிப்பாரோ அதையெல்லாம் கவனித்தார். மேடு எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சரிவு, எத்தனை செருப்புத் தடம். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தாறு. காது கூர்மையானது. தூரத்தில் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம். குழாய் சொட்டும் சத்தம்.

நாலு இருபத்தெட்டுக்கு மேட்டின் ஓரத்திலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தது.

காய்கிற மண் அப்படித்தான் பெயரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், கண் தன்பாட்டுக்கு மண்வெட்டியைத் தேடியது. குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. எத்தனை எட்டில் அதை எடுக்கலாம், எவ்வளவு ஆழம், இரண்டு பேர் தோண்டினால் எத்தனை நிமிஷம் என்று மனசு எண்ணத் தொடங்கியது. ஆறடி. குழி தோண்டுகிறவரையும் கூப்பிட்டால் பத்து நிமிஷம். அதுவரை மூச்சுத் தாங்குமா? அவர் மண்டியிட்டு, மண்ணில் காதை வைத்தார்.

மண்ணின் சூடு கன்னத்தில் பட்டது. சொந்த ரத்தம் காதில் அடிக்கிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. தலையை எடுத்தபோது நாலு முப்பத்தேழு.

அவர் எழுந்துவிடவில்லை. கடிகாரம் முன்னே பின்னே இருக்கலாம், மருத்துவர் எழுதிய நேரம் தோராயமாக இருக்கலாம் என்று தனக்குத்தானே குறுக்கு விசாரணை செய்துகொண்டார். ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. குழி தோண்டுகிறவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். ஆறு மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும் என்று அவர் வந்து நின்றபோதுதான் சுருக்கெழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

வீட்டில் மனைவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டையிலும் கன்னத்திலும் மண் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

"நேரத்துக்குப் போயிட்டீங்களா?"

"நாலே காலுக்கே போயிட்டேன்."

"பக்கத்துல நின்னீங்களா?"

"நின்னேன். காது வெச்சுப் பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு வரைக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் அடுப்பைத் தொட்டிருக்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளக்கத் தெரியாமல், படியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதை அவர் கூடத்திலிருந்து பார்த்தார்.

பத்து நாள் கழித்துப் பெரியக்கா வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "அஞ்சரை மணி நேரம் பொறுத்திருக்கலாம் தம்பி. கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன அவசரமோ," என்றாள். அவர் தலை குனிந்தார். அந்த ஐந்தரை மணி நேரத்தை அவரும் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவர் அங்கதான் நின்னார்க்கா. பாத்துட்டு வந்து சொல்லிட்டார்."

"அதுக்கில்லடி, விசுவாசம்னு ஒண்ணு—"

"பாத்தவர் சொன்னா நான் எடுத்துக்குவேன்," என்றாள் மனைவி. "அவ வரலக்கா. அவ்வளவுதான். டீ போடவா?"

அவருக்குக் காப்பாற்றப்பட்ட மாதிரியும் இருந்தது, அடிபட்ட மாதிரியும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பியவள், அவர் பார்த்துவிட்டு வந்து சொன்ன இதையும் அதே மாதிரி முழுதாக நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. போதகர் வந்தால் உட்காரவைத்துப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைத்தாள், ஜன்னல் துடைத்தாள். அவர் மட்டும் போய்வந்தார். மூன்று மாதம் கழித்து, அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதே பாடம் வந்தது. வேறு யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா என்று போதகர் கேட்டார். வேண்டாம் என்று அவரே போனார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, நின்றபடியே சொன்னார். காலிக் கல்லறை, பெண்கள், மாறிச் சொன்ன நாலு பேர், ஓடிப்போய்த் திரும்பியவர்கள், தம்பி. எல்லாம் சரியாக வந்தது. சொல்லச் சொல்ல எங்காவது ஒரு ஓட்டை கண்ணில் படுமா என்று தேடினார். பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், மனைவியோடு போய் ஜன்னல் துடைத்திருப்பார். படவில்லை. ஒவ்வொரு காரணமும் போன வருஷம் இருந்த மாதிரியே உறுதியாக நின்றது.

பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். "அண்ணா, இவ்வளவு காரணம் இருக்குதுன்னா அப்புறம் எதுக்கு விசுவாசம்னு தனியா ஒண்ணு? அதான் தெரிஞ்சுடுச்சே?"

கதவுப் பக்கம் யாரும் நிற்கவில்லை. அவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"தெரியறது வேற, காத்திருக்கறது வேற," என்றார். "எனக்குத் தெரியும். யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன். ஆனா எனக்குக் காத்திருக்கத் தெரியாது, அதை இப்பதான் கண்டுபிடிச்சேன். காத்திருக்கத் தெரிஞ்சவ ஒருத்தி எங்க வீட்டுல இருந்தா. அவளையும் நான்தான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. சாட்சி பாதியில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் அவரையே பார்த்தாள். "மீதி அடுத்த வாரம் போதகர் சொல்லுவார்," என்றார்.

அன்று சாயங்காலமே போதகரிடம் போய் வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றார். போதகர் தடுத்துப் பேசவில்லை. "வேற யாரும் உங்க மாதிரி எடுக்க மாட்டாங்க அண்ணே," என்று மட்டும் சொன்னார்.

வருஷம் திரும்புமுன் கல் வைக்க வேண்டும் என்று தோட்டத்திலிருந்து நினைவூட்டினார்கள். இருவரும் கல் செதுக்குகிற பட்டறைக்குப் போனார்கள். தகரக் கூரைக்குக் கீழே மெருகு போட்ட கற்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எல்லாம் பெயர் எழுதாதவை. செதுக்குகிறவர் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, சுருக்கெழுத்தர் எழுதிக் கொடுத்த சீட்டை வாசித்தார். பாப்பாவின் முழுப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி.

"கீழ வசனம் ஏதாவது போடுவாங்க சார். அடிக்கடி கேக்கறதெல்லாம் இந்த அட்டையில இருக்கு, பாருங்க."

அட்டையில் பெரும்பாலும் உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனங்கள்தான். எல்லாம் அவருக்கு மனப்பாடம். அட்டையை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பேரும் தேதியும் போதும்," என்றாள். பிறகு, "உங்களுக்கு வேணும்னா போட்டுக்குங்க. நான் தடுக்கல."

அவர் பென்சிலை எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கையில் அது இவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை. எழுத ஒரு வரி வேண்டும், பொய்யாக இருக்கக்கூடாது. தெரிந்த வரிகளெல்லாம் உண்மை. அவற்றில் ஒன்றையாவது அவள் முன்னால் எழுத அவருக்குக் கை வரவில்லை.

"இடம் விட்டு வைங்க," என்றார் கடைசியில்.

"விடலாம் சார். ஆனா நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்து எழுதச் சொன்னா, கல்லு மங்கியிருக்கும். புது எழுத்து தனியாத் தெரியும்."

"பரவாயில்ல."

செதுக்குகிறவர் சீட்டின் கீழ்ப்பாதியில், இடம் விடுவதற்கு அடையாளமாகப் பெருக்கல் குறி ஒன்று போட்டு வைத்துக்கொண்டார். மனைவி எழுந்து, உடையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட்டாள். ஆலையில் அரை நாள்தான் விடுப்புச் சொல்லியிருந்தாள்.